சாலையிலும் ஐந்தாம் கட்டளை

பழைய ஏற்பாட்டில், இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், நம் மறையுரைகளில் அதிகம் எடுத்தாளப்படாத சிறு கட்டளை ஒன்று உண்டு. புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பியாக வேண்டும். எழுப்பாமல் விட்டு, எவரேனும் அங்கிருந்து தவறி விழுந்து மடிந்தால், அந்த இரத்தப்பழி அவன் வீட்டைச் சாரும் என்பது அதன் கருத்து. அக்காலத்து வீடுகளின் மேல்தளம் தட்டையானது. மக்கள் அங்கே சணல் தட்டைகளை உலர்த்தினார்கள், இரவில் உறங்கினார்கள், இறைவேண்டலுக்காகவும் ஏறிச் சென்றார்கள். ஆட்கள் நடமாடும் இடமாதலால், ஒருவர் விழுந்தபின் வருந்துவது போதாது, விழுமுன் தடுப்பதே கடமை என்று இறைச்சட்டம் விதித்தது.

இக்கட்டளையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டுக்காரன் எவரையும் பிடித்துத் தள்ளவில்லை. எவர்மீதும் அவனுக்குப் பகையில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டான், அவ்வளவே. ஆயினும் இறைச்சட்டம் அவனைக் குற்றமற்றவன் என்று விட்டுவிடவில்லை. உயிரைப் பேணச் சொல்லும் ஐந்தாம் கட்டளை, கத்தி எடுத்தவனை மட்டுமின்றி அசட்டையாய் இருந்தவனையும் கேள்வி கேட்கிறது.

வாகனம் ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுக்கக் கூடாது என்னும் இக்காலச் சட்டமும் இந்தக் கைப்பிடிச் சுவரின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால், காவலர் நிற்கும் சந்திப்பில் மட்டும் நினைவுக்கு வரும் தொல்லையாக அதைக் கருதுவோர் நம் பங்குகளிலும் பலர் உள்ளனர். அச்சட்டம் சொல்வது என்ன, அது ஏன் வந்தது, அது எட்ட முடியாத இடம் எது, அந்த இடத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தின் கடமை யாது என்பதை இங்கே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நம் மோட்டார் வாகனச் சட்டமோ அதற்கு முன்பே 1988இல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே அதன் முதல் வடிவில் கைபேசியைப் பற்றிய பேச்சே இல்லை. ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் 184ஆம் பிரிவு மட்டும் இருந்தது. காலப்போக்கில், ஓட்டுநர் உரிமத்தைப் பறிப்பதற்கு ஏதுவான செயல்களைப் பட்டியலிடும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21ஆம் விதியில், ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துவதும் இடம்பெற்றது.

சாலைப் பாதுகாப்பிற்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. ஓட்டும்போது கைபேசியில் பேசுவோரின் உரிமத்தை மூன்று மாதத்திற்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்றது. குடித்துவிட்டு ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், அளவு மீறிய வேகம் ஆகிய குற்றங்களோடு இதையும் அக்குழு ஒரே வரிசையில் வைத்தது. குடிபோதையில் ஓட்டுகிறவனைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், பேசிக்கொண்டே ஓட்டுகிறவனைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. உச்ச நீதிமன்றக் குழுவின் கண்ணுக்கோ இரண்டும் அருகருகே தெரிந்தன.

எனினும் சட்டத்தின் சொற்களில் இடைவெளி இருந்தது. 2018இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், பேசிக்கொண்டு ஓட்டியவர்மீது அம்மாநிலக் காவல்துறைச் சட்டத்தின் ஒரு பிரிவின்கீழ் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தது காட்டப்பட்டால் ஒழிய அப்பிரிவு பொருந்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின் சொற்கள் அவ்வாறு இருந்தன. இல்லாத சொல்லை நீதிபதிகள் இட்டு நிரப்ப இயலாது.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பல பிரிவுகள் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தான ஓட்டுதல் எவையெவை என்று 184ஆம் பிரிவு இப்போது வெளிப்படையாகப் பெயர் சொல்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் முதலியவற்றோடு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் அதில் எழுதப்பட்டுள்ளது. முதல் முறை குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் ஈராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்த்தப்பட்டபோது, இக்குற்றத்திற்கு முதல் முறை 1,000 ரூபாய் என்றும் மறுமுறை 10,000 ரூபாய் என்றும் வரையறுக்கப்பட்டது.

2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் ஒரேயொரு விலக்கு அளித்தது. வழி காண்பதற்காக மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், கருவியைப் பயன்படுத்தலாம். பேசுவதற்கும் செய்தி படிப்பதற்கும் அந்த விலக்கு இடந்தரவில்லை.

இவ்வாறு ஓட்டியதன் விளைவாக ஓர் உயிர் போய்விட்டால், அபராதத்தோடு முடிவதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது ஈராண்டாக இருந்தது.

பிரிட்டன் கற்ற பாடம்

சட்டத்தின் சொல்லுக்கும் அதன் நோக்கத்திற்கும் இடையே நேரும் இந்த இழுபறி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பது 2003 டிசம்பர் முதல் நாளிலிருந்து தனிக் குற்றமாயிற்று. 2017இல் அதற்கான அபராதம் 200 பவுனாக உயர்ந்தது. அத்தோடு உரிமத்தில் ஆறு குற்றப் புள்ளிகளும் பதிவாகும். உரிமம் பெற்று ஈராண்டு நிறையாத இளைஞர் ஒரு முறை பிடிபட்டாலே உரிமத்தை இழப்பார்.

இவ்வளவு கடுமையான சட்டத்திலும் ஒரு துளை இருந்தது. ஒருவர் விபத்து நடந்த இடத்தைக் கடந்து செல்கையில், ஓட்டிக்கொண்டே அதைக் கைபேசியால் படம் பிடித்தார். அச்சட்டம் பிறரோடு தொடர்பு கொள்வதையே தடுக்கிறது, படம் பிடிப்பது தொடர்பு கொள்வதாகாது என்பது அவர் தரப்பு வாதம். 2019இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. அதே வேளையில், இத்தீர்ப்பை எவரும் அனுமதியாகக் கொள்ளலாகாது, கவனக்குறைவான ஓட்டுதலுக்கான சட்டங்கள் இருக்கவே இருக்கின்றன என்றும் எச்சரித்தது. பின்னர் 2022 மார்ச்சில் அரசு சட்டத்தைத் திருத்திப் படம் பிடித்தல், பாட்டுப் பட்டியலைத் தள்ளிப் பார்த்தல், விளையாடுதல் ஆகிய அனைத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. அங்கே சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும் நேரத்திலும் கருவியைக் கையில் எடுத்தல் குற்றமே.

படம் பிடித்தவரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர் கண்முன்னே உடைந்த வண்டிகள் கிடந்தன. பிறர் துன்பம் அவருக்கு வேடிக்கையாயிற்று. அந்த வேடிக்கைக்காக இன்னொரு விபத்து நேரக்கூடிய அளவுக்குத் தம் கவனத்தையும் கைவிட்டார். சட்டத்தின்படி அன்று அவர் தப்பினார். மனச்சான்றின்படியும் தப்பினார் என்று சொல்ல முடியுமா?

கை, கண், கருத்து

'ஒரு கையால் ஓட்டி நெடுநாள் பழகிவிட்டேன். பேசுவதால் என்ன கெடுதல்?' என்று கேட்போர் உண்டு. கேள்விக்கு விடை ஆய்வுகளில் இருக்கிறது.

கனடாவின் டொரான்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, 1997இல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது கண்டது. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமுற்று மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து நடந்த மற்றோர் ஆய்வும் அதே நான்கு மடங்கைக் கண்டது. இரண்டு ஆய்வுகளும் மற்றொன்றையும் சொல்லின: கருவியைக் கையில் பிடிக்காமல் காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

இது எப்படி? வண்டி ஓட்டுவதற்கு மூன்று வேண்டும்: கை, கண், கருத்து. கைபேசி மூன்றையும் பறிக்கிறது. காதில் மாட்டும் கருவி கையையும் கண்ணையும் திருப்பித் தருகிறது; கருத்தைத் தருவதில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக உளவியலார் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உரையாடிக்கொண்டே ஓட்டியவர்களின் கண்கள் சாலையோரப் பலகைகளின்மீது பதிந்திருந்தும், அவற்றைக் கண்டதாக அவர்களால் பின்னர் நினைவுகூர இயலவில்லை. கண்ணிருந்தும் காணாமை என்று இறைவாக்கினர் மக்களின் உள்ளத்தைப் பற்றிச் சொன்னது, இங்கே உடலளவிலும் உண்மையாகிறது.

'அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதில்லையா?' என்றும் கேட்பார்கள். அருகில் இருப்பவர் அதே சாலையைப் பார்க்கிறார். திடீரென்று மாடு குறுக்கிட்டால் அவரே பேச்சை நிறுத்துவார். 'பார்த்து, பார்த்து' என்று எச்சரிப்பார். தொலைவிலிருந்து பேசுகிறவருக்கோ மாடும் தெரியாது, மழையும் தெரியாது. அவர் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. வந்த செய்தி என்ன என்று ஐந்து நொடி குனிந்து பார்த்தால், அதற்குள் வண்டி ஏறத்தாழ 83 மீட்டர் ஓடியிருக்கும். பெரியதோர் ஆலயத்தின் தலைவாயிலிலிருந்து பீடம் வரை சென்று மீண்டும் வாயிலுக்குத் திரும்பும் தூரம் அது. அத்தனை தூரத்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு எவரேனும் ஓட்டத் துணிவார்களா?

நம் நாட்டுப் புள்ளிவிவரங்கள் நெஞ்சை உலுக்குகின்றன. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் நேர்ந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். இறந்தோர் 17,884 பேர். நாடு முழுவதிலும் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களுமே. கைபேசிப் பயன்பாட்டால் நேர்ந்தவை என 2021இல் பதிவானவை 1,997 விபத்துகளும் 1,040 மரணங்களும். விபத்துக்குப் பின் 'நான் பேசிக்கொண்டிருந்தேன்' என்று தாமாக ஒப்புக்கொள்வோர் எத்தனை பேர் இருப்பர் என்று எண்ணிப் பார்த்தால், பதிவானது முழுக்கணக்கு ஆகாது என்பது விளங்கும்.

திருச்சபையின் குரல்

சாலை விதி அரசாங்கத்தின் காரியம், ஆன்ம காரியத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று நினைப்பது தவறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டின் 30ஆம் பத்தியில், சமூக வாழ்வின் விதிகளை அற்பமாய் எண்ணுவோரைப் பற்றிச் சங்கத் தந்தையர் பேசுகின்றனர். உடல்நலத்தைக் காக்கும் விதிகளையும் வாகனம் ஓட்டுவது குறித்த விதிகளையும் அவர்கள் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். இவற்றை மீறுவோர் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவதை உணர்வதில்லை என்று வருந்துகிறார்கள். மீறலுக்கு வேராக அவர்கள் காண்பது தன்னலப் போக்கை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2290ஆம் எண்ணில், போதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றத்திற்கு ஆளாகிறார்கள் என்று கற்பிக்கிறது. அந்நூல் எழுதப்பட்டபோது கைபேசி இவ்வளவு பரவியிருக்கவில்லை. அங்கே சொல்லப்பட்ட அறநெறி இதற்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

2007 ஜூன் மாதம், குடிபெயர்வோர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப் பணிக்கான திருப்பீட அவை, சாலைப் பயணிகளுக்கென்றே வழிகாட்டு ஏடு ஒன்றை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் அதில் உள்ளன. கொலையைத் தடுக்கும் கட்டளையே அவற்றுள் முதலாவது. சாலை மனிதரை ஒன்றுசேர்க்கும் வழியாக விளங்க வேண்டும் என்றும், வலிமை குன்றியவரைச் சாலையில் காக்க வேண்டும் என்றும் பிற கட்டளைகள் கூறுகின்றன.

அறநெறி இறையியலில் குருமாணவர் பயிலும் பழைய பாடம் ஒன்று இங்கே துணைக்கு வரும். ஒருவன் ஒரு விளைவை நேரடியாக விரும்பாமல் இருக்கலாம். ஆனால் அவ்விளைவு நேரக்கூடும் என்று தெரிந்தும், தவிர்க்கக்கூடிய காரணத்தைத் தானே விரும்பிச் செய்தால், அக்காரணத்தின் வழியே விளைவும் அவனைச் சாரும். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் வரும் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டம் இதையே உணர்த்துகிறது. மாடு முதன்முறையாக முட்டி ஒருவர் இறந்தால் உரிமையாளன் குற்றவாளி ஆகான். அது முட்டும் மாடு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், பழி அவன்மேல் வரும். கைபேசி முட்டுகிற மாடு என்று நமக்கு எச்சரிக்கை கிடைத்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுமுன் நாம் செய்யும் ஆன்ம ஆய்வில் கோபத்தைத் தேடுகிறோம், பொய்யைத் தேடுகிறோம். சாலையில் நடந்துகொண்ட விதத்தைத் தேடுவதில்லை. விபத்து ஒன்றும் நேரவில்லையே என்று ஆறுதல் கொள்கிறோம். சுவரில்லாத மாடியிலிருந்து இதுவரை எவரும் விழவில்லை என்பதால், சுவர் எழுப்பும் கடமை நீங்கிவிடுமா?

சட்டம் எட்டாத இடம்

கையில் பிடித்த கருவியைச் சட்டம் தடுக்கிறது. நம் மக்களோ தலைக்கவசத்திற்கும் கன்னத்திற்கும் இடையே கைபேசியைச் செருகிக்கொள்கிறார்கள். கழுத்தைச் சாய்த்துத் தோளில் இடுக்கிக்கொள்கிறார்கள். காதில் சிறு கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். உயிரைக் காக்க வந்த தலைக்கவசம் கைபேசி தாங்கியாக மாறியிருப்பதைக் காணும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சட்டம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும், மனித புத்தி புதிதாய் ஒரு துளையைக் கண்டுபிடிக்கும். தண்டனைக்கு அஞ்சி மட்டுமின்றி மனச்சான்றின் பொருட்டும் பணிந்திருக்குமாறு புனித பவுல் உரோமையருக்கு அறிவுறுத்தியது இதனாலேயே. காவலரின் கண் கையை மட்டும் பார்க்கும். மனச்சான்று கருத்தையும் பார்க்கும்.

இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. 'சாமி, எங்கள் பிழைப்பே இந்தக் கைபேசியில்தான் இருக்கிறது. அழைப்பை எடுக்காவிட்டால் சவாரி போய்விடும்' என்று ஆட்டோ ஓட்டும் தம்பிமார் கேட்கிறார்கள். வீடுவீடாய் உணவு கொண்டுபோகும் இளைஞர்களின் நிலை இன்னும் கடினம். வேலை வருவதும் வழி தெரிவதும் வாடிக்கையாளர் விசாரிப்பதும் அந்தச் சிறு திரையில்தான். நாள் முழுதும் உழைத்து ஈட்டியதில் பெரும்பகுதி ஓர் அபராதத்தில் போய்விடும். இவர்களை நோக்கி 'சட்டத்தை மதி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நீதியாகாது.

ஆபத்தைத் தொழிலாளியின் தலையில் ஏற்றி, விரைவைத் தமக்கென்று வைத்துக்கொள்ளும் முதலாளிமாருக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. சமைத்த உணவு பத்து நிமிடம் பிந்தியதற்காக மூன்று முறை அழைத்துக் கடிந்துகொள்ளும் நமக்கும் பங்கு உண்டு. 'எங்கே வருகிறாய்?' என்று நாம் கேட்கும் நேரத்தில் அவன் எந்தச் சந்திப்பைக் கடக்கிறானோ, யார் அறிவார்? நம் பசி ஒரு தாயின் மகனுடைய உயிரைவிடப் பெரிதன்று. அதே வேளையில், பிழைப்பின் பெயரால் பிறர் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதையும் அந்தத் தம்பிமார் உணர வேண்டும். வண்டியை ஓரமாய் நிறுத்த அரை நிமிடம் போதும்.

மறுமுனையில் இருப்பவர் யார்?

இவ்வளவு நேரமும் ஓட்டுகிறவரைப் பற்றியே பேசினோம். உரையாடலுக்கு இரண்டு முனைகள் உண்டு. சாலையில் செல்கிறவரை அழைப்பவர் பெரும்பாலும் யார்? மனைவி, கணவன், தாய், மகள். அன்பினால்தான் அழைக்கிறோம். 'சாப்பிட்டாயா? எங்கே இருக்கிறாய்? வரும்போது பால் வாங்கி வா' என்கிறோம். முதல் அழைப்பை எடுக்காவிட்டால் மனம் பதைத்து மீண்டும் அழைக்கிறோம். எடுக்காவிட்டால் வீட்டில் சண்டை வரும் என்று அஞ்சியே ஓட்டிக்கொண்டு எடுப்பவர்களும் உண்டு. சட்டம் ஓட்டுகிறவரை மட்டும் தண்டிக்கிறது. அழைத்தவரைச் சட்டப் புத்தகம் அறியாது. குடும்பமோ இதை அறிந்திருக்க வேண்டும். தன் சகோதரனுக்குத் தானே காவலாளி என்று கேட்ட காயினின் கேள்விக்கு, கிறிஸ்தவ இல்லம் 'ஆம், காவலாளியே' என்று விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது.

குழந்தைகள் கேட்டுக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பதே மிகுதி. தந்தையின் முன்னால் பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவன், தந்தை ஒரு கையால் ஓட்டி மறுகையால் பேசுவதைத் தினமும் பார்க்கிறான். பதினெட்டு வயதில் அவன் கையில் வண்டி கிடைக்கும்போது, ஓட்டுநர் பள்ளி சொல்லிக்கொடுத்ததையா அவன் நினைவுகூர்வான்?

ஆகவே நம் இல்லங்களில் பின்வரும் ஐந்து தீர்மானங்களைக் குடும்பச் செபத்திற்குப் பின் எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு செய்வது நலம்.

1. வண்டியைக் கிளப்புமுன் கைபேசியை ஒலியடக்கிப் பையிலோ பெட்டியிலோ வைத்தல். வழி காண வேண்டுமானால் புறப்படுமுன்னரே அதைப் பொருத்தி வைத்தல்.

2. எவரையேனும் அழைத்தால் முதற்கேள்வியாக 'வண்டி ஓட்டுகிறாயா?' என்று கேட்டல். 'ஆம்' என்றால் மறுபேச்சின்றித் துண்டித்தல்.

3. அழைப்பை எடுக்காதவர்மீது கோபம் கொள்ளாமை. எடுக்கவில்லை என்றால், பத்திரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நல்லெண்ணம் கொள்ளுதல்.

4. மெய்யான அவசரமானால், ஓட்டுகிறவர் வண்டியைச் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அதன் பின்னரே பேசுதல். பின்னால் அமர்ந்திருப்பவர் இருந்தால் அவரிடம் கைபேசியைக் கொடுத்துவிடுதல்.

5. ஓட்டுகிறவர் பேசத் தொடங்கினால், உடன் செல்பவர் அன்போடும் உறுதியோடும் தடுத்தல். பிள்ளைகள் பெற்றோரைத் தடுத்தாலும் அதை மரியாதைக் குறைவாக எண்ணாமை.

பங்குகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. புதிய வண்டியை மந்திரிக்க ஆலய முற்றத்திற்குக் கொண்டுவருகிறோம். மாலை போட்டு, புனித கிறிஸ்தோபரின் சுரூபம் பொருத்தி, தீர்த்தம் தெளிக்கக் கேட்கிறோம். நல்ல வழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். அந்த வேளையில் குருவானவர் ஓட்டுநரிடம், ஓட்டும்போது கைபேசியைத் தொடுவதில்லை என்று இறைவன் திருமுன் ஒரு வாக்குறுதியும் பெற்றுக்கொள்ளலாம். பங்கு மக்களும், தங்கள் குருவானவர் வழியில் இருக்கிறார் என்று அறிந்தால் அழைப்பைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மக்கள் சாலையோரமாக நாள்கணக்கில் நடந்து செல்கிறார்கள். இரவிலும் விடியலிலும் நடக்கும் அத்திருப்பயணிகளுக்கு, எதிரே வரும் ஓட்டுநரின் கவனத்தைத் தவிர வேறு கைப்பிடிச் சுவர் ஏது?

நவம்பர் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்துகளில் மாண்டோரையும் காயமுற்றோரையும் நினைவுகூரும் உலக நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005இல் இதை ஏற்றுக்கொண்டது. நமக்கோ நவம்பர் முழுவதுமே இறந்த விசுவாசிகளின் மாதம். அந்த ஞாயிறு திருப்பலியில் சாலையில் மாண்ட நம் பங்கு மக்களை மன்றாட்டில் நினைத்து, அவர்களுடைய குடும்பங்களை முன்வரிசையில் அமர்த்தி ஆறுதல் சொல்வோமானால், நூறு அபராதச் சீட்டுகள் சொல்லாததை அது சொல்லும்.

இறுதியாக ஒன்று. கைபேசியைப் பெயர் சொல்லித் தடுத்த அதே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 134-அ என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்டத் தொல்லைகளினின்று அது காக்கிறது. அப்படி உதவுவோருக்கு நாடாளுமன்றம் இட்ட பெயர் 'நல்ல சமாரியர்'. நம் ஆண்டவரின் உவமையிலிருந்து வந்த பெயர் இந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதில் நாம் மகிழலாம். கூடவே அஞ்சவும் வேண்டும். எரிகோ சாலையில் சென்ற சமாரியர் முதலில் செய்தது, அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டதே. கண்டதால் இரங்கினார், இரங்கியதால் இறங்கி உதவினார். விலகிச் சென்ற குருவும் லேவியரும்கூட அவரைக் கண்டார்கள். கைபேசியில் கருத்தை வைத்து ஓட்டுகிறவருக்கு அந்தக் காணுதலும் இல்லை.

அன்பர்களே, சாலையில் நம் கவனம் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. எதிரே நடந்து வரும் முதியவருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் சிறுமிக்கும், பின்னால் அமர்ந்து நம் தோளைப் பிடித்திருக்கும் மனைவிக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன் அது. அந்தக் கடனை அன்றாடம் முழுமையாய்ச் செலுத்த நம் அன்னை மரியா நமக்காக மன்றாடுவாராக. இன்று மாலை வீடு திரும்பும்போது கைபேசி ஒலித்தால், அது ஒலிக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள்.